ஆவுடையப்பன் மற்றும் பலர்

வேளாண்மைத் துறையில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், தன் வாழ்நாளில் செய்த ஒரே அடாவடி, ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரியிடம் சொல்லாமல் பத்து நிமிடம் முன்னதாக வீட்டுக்குக் கிளம்பியது. அதற்கும் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கடையத்தில் முப்பத்திரண்டு வயதில் ஒரு மகன் இருப்பதாக ரத்த உறவுப் பதிவேடு கண்டுபிடித்து, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தது. தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தது அவர் மனைவி சிவகாமி. பிறகென்ன? கால் மணி நேரத்தில் பாளையங்கோட்டையில் அவர்கள் தெரு முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

கடிதத்தின் நகல் ஒன்று ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர் வடிவுநாயகியின் மேசைக்கும் வந்தது. வடிவு அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "போச்சுடா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

வடிவுக்கு முப்பத்து நான்கு வயது. உயிரித் தொழில்நுட்பம் படித்தவள். அவளோடு படித்த அறுபது பேரில் பாதிப் பேர் வங்கித் தேர்வு எழுதப் போனார்கள், மீதிப் பேர் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசல்களில் நின்றார்கள். இவள் மட்டும் பிடிவாதமாக மரபணு, மரபணு என்று சுற்றிக்கொண்டிருந்ததில் கடைசியில் இந்த நாற்காலி கிடைத்தது. வேலை என்னவோ கௌரவமானதுதான். ஆனால் பாதி நாள் குடும்பச் சண்டையைத் தீர்த்து வைக்கும் பஞ்சாயத்து வேலை.

எல்லாம் அந்தச் சட்டம் வந்த பிறகு. ஒருவருடைய மஜ்ஜைச் செல் கொஞ்சம் கிடைத்தால் போதும், அதை வைத்து ஈரலோ கிட்னியோ எதை வேண்டுமானாலும் வளர்த்துவிடலாம் என்று விஞ்ஞானிகள் சாதித்துக் காட்டிய மறு வருடமே, தரகர்கள் கிராமம் கிராமமாக ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அரசாங்கம் பயந்துபோய், நெருங்கிய ரத்த உறவைத் தவிர வேறு எவரும் எவருக்கும் ஒரு செல்கூடத் தரக்கூடாது என்று கதவை ஒரேயடியாகச் சாத்திவிட்டது. எல்லாருடைய ரத்தக் குறிப்பையும் பெயரையும் வாங்கி வைத்துக்கொண்டு, யார் யாருக்கு ரத்த உறவு என்று சொல்லும் அதிகாரம் ஒரு இயந்திரத்துக்கு. அதற்குப் பெயர்தான் ரத்த உறவுப் பதிவேடு.

அந்தப் பதிவேட்டின் மீது வடிவுக்கு இருந்த கோபம் சொல்லி முடியாது. காரணம் மரியபுஷ்பம். மணப்பாட்டுக்காரி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அவளுக்குச் செல் கொடுக்கக் கூடப் பிறந்த அக்காவே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். அக்காவின் பெயருக்குப் பின்னால் இருந்தது புருஷன் பெயர், மரியபுஷ்பத்தின் பெயருக்குப் பின்னால் இருந்தது அப்பா பெயர். குடும்பப் பெயர் வேறு, எனவே உறவு ஐயத்துக்குரியது என்று பதிவேடு சொல்லிவிட்டது. மேல்முறையீட்டுக்குப் பதினோரு வாரம். மரியபுஷ்பத்தால் ஒன்பது வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதற்கப்புறம் வடிவு மேலிடத்துக்கு மூன்று புகார் எழுதினாள். 'எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் உண்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் உங்கள் இயந்திரம் ஏற்காததால் ஆளாளுக்குக் கிடைத்த பெயரைப் போடுகிறோம், தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.' மூன்று தடவையும் பதில் வந்தது: 'தங்கள் ஆலோசனை பதிவு செய்யப்பட்டது. நன்றி, திரு. சண்முகவேல்.' சண்முகவேல் என்பது வடிவின் அப்பா.

இப்போது மேசையில் கிடக்கும் கடிதம் அதே இயந்திரம் அனுப்பியது. நோயாளி: நித்யகல்யாணி, இருபத்தேழு வயது, குடும்பப் பெயர் ஆவுடையப்பன். கண்டறியப்பட்ட உறவு: கொம்பையா, குடும்பப் பெயர் ஆவுடையப்பன். தாய் வேறு. தந்தை ஒருவரே.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொம்பையா வந்து சேர்ந்தான். ஆளுக்கு முன்னால் குரல் வந்தது. கடையத்தில் மைக்செட் கடை வைத்திருப்பவன், எப்போதும் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்ற அக்கறையோடுதான் பேசுவான். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம்.

"வணக்கம் மேடம்! தங்கச்சிக்குக் கொண்டாந்தேன். நம்ம பக்கத்துப் பழம், சாறு நிக்கும்."

"அந்த வார்டுக்குள்ள பழம், பூவு ஒண்ணும் போகக் கூடாது. இப்படி வைங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பக்கத்து ரூம்ல எட்டிப் பாக்காங்க."

"தொழில் பழக்கம் மேடம்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். தாழ்த்தியதும் வராந்தாவின் கோடி வரைக்கும் கேட்டது.

வடிவு படிவத்தை எடுத்தாள். "அப்பாவைப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல. நான் பொறக்கும்போதே ஆளு கிடையாது."

"அம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா? எந்த ஊரு, என்ன வேலைன்னு?"

"அந்தப் பேச்சை எடுத்தாலே எங்க அம்மை அகப்பையைத் தூக்கிருவா. அவ போயும் நாலு வருஷமாச்சு." கொம்பையா பையிலிருந்து உருண்ட ஒரு பழத்தைப் பிடித்து மறுபடி உள்ளே போட்டான். "மேடம், தங்கச்சிக்கு என்ன நோக்காடு? லெட்டர்ல புரியல."

"எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கு. ரத்தம் ஊறுற இடம். அவங்களுக்கு அது வத்திட்டு வருது. வேற ஒருத்தர் மஜ்ஜையிலருந்து செல் எடுத்துப் போட்டா மறுபடி ஊறும். ஆனா அவங்க உடம்பும் குடுக்கிறவங்க உடம்பும் ஒத்துப் போகணும். பன்னிரண்டு அடையாளம் பாப்போம். பெத்தவங்களுக்குப் பாதிதான் பொருந்துச்சு, அது பத்தாது. உங்களுக்கும் அவங்களுக்கும் பன்னிரண்டும் பொருந்துது."

"பன்னிரண்டுக்குப் பன்னிரண்டா! பத்தாங்கிளாஸ்ல நான் ஒண்ணுலகூட முழு மார்க் எடுத்ததில்ல மேடம்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் வடிவு சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு படிவத்தை மறுபடி பார்த்தாள். ஒரே அப்பா, அம்மா வேறு என்றால் ஆறு பொருந்தினாலே பெரிது. பன்னிரண்டும் பொருந்தியிருக்கிறது என்றால் அது குருட்டு அதிர்ஷ்டம். பதிவேடு உடம்பின் பொருத்தத்தைப் பார்த்தது, பக்கத்தில் பெயரைப் பார்த்தது. அதன் கணக்கில் இந்த நாட்டில் ஆவுடையப்பன் என்ற குடும்பப் பெயர் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை, அரிதிலும் அரிது. இரண்டையும் கூட்டி, சந்தேகமே இல்லை, ஒரே குடும்பம் என்று முடிவு கட்டிவிட்டது. திருநெல்வேலியில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஆவுடையப்பன் தலையில்தான் விழும் என்று அதற்கு யார் சொல்வது?

படிவத்தின் பதினாலாவது கேள்வி: 'இந்த உறவு குறித்து ஆலோசகருக்கு ஐயம் உண்டா?' உண்டு என்று எழுதினால் ரத்தம் முழு மரபணுச் சோதனைக்குத் தலைநகருக்குப் போகும். மறுபடியும் பதினோரு வாரம். நித்யகல்யாணிக்கு டாக்டர்கள் கொடுத்திருந்த கெடு ஆறு வாரம்.

மறுநாள் ஆவுடையப்பனைத் தனியாக வரச் சொன்னாள். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகத்தோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், நான் சத்தியமா அப்படிப்பட்ட ஆளு இல்ல. என் ஆபீஸ்ல வேணாக் கேளுங்க. சிவகாமி பேச மாட்டேங்கா. தட்டைக் கொண்டாந்து டொக்குன்னு வச்சிட்டுப் போறா. எதுத்த வீட்டு வாத்தியாரு என்னைப் பாத்துக் கண்ணடிக்காரு மேடம்! அறுபத்து மூணு வயசுல எனக்கு இது தேவையா?"

"நான் உங்களை நம்புதேன் சார்," என்றாள் வடிவு. "மிஷின் பேரைப் பாத்து ஏமாந்திருக்கு. நான் ஐயம் உண்டுன்னு எழுதிட்டா உங்க பேரு சுத்தமாயிரும்."

ஆவுடையப்பன் முகத்தில் வெளிச்சம் வந்தது. எழுந்து கும்பிடப் போனவர், பாதியில் நின்றார். "அப்ப அந்தத் தம்பி?"

"உறவு இல்லேன்னு ஆகிரும். உறவு இல்லாதவங்க குடுக்க முடியாது. சட்டம்."

"உடம்புதான் பொருந்துதுன்னு சொன்னாங்களே?"

"உடம்பு பொருந்துனாப் போதாது சார். காயிதமும் பொருந்தணும்."

"எத்தனை நாளாகும்?"

"பதினோரு வாரம்."

அவருக்குக் கணக்குப் போடத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்துவந்தார். மெதுவாக மறுபடி உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, திறந்து, மூடி, மறுபடி பையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்தார்.

"மேடம், எழுதிக்கிடுங்க," என்றார். "அது என் மவன்தான்."

"சார்..."

"ஆமா. நான்தான் மறைச்சுட்டேன். பயிர்க் கணக்கெடுப்புக்குக் கடையம் பக்கம் போயிருந்தேன். அங்கன ஒரு... ஒரு பெண்மணி..." காது நுனி சிவந்துபோனது. "பேரு... பேரு இப்ப சட்டுனு வர மாட்டேங்கு. கமலாவோ விமலாவோ..."

"கொம்பையாவோட அம்மா பேரு பேச்சியம்மா சார்."

"ஆங், பேச்சியம்மா! அதைத்தான் சொல்ல வந்தேன்."

வடிவு பேனாவைக் கீழே வைத்தாள். இந்த மனிதர் முப்பத்தோரு வருடம் ஒரு பைசாவுக்குப் பொய்ச் சீட்டு எழுதாதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் கமலா, விமலா என்று தடுமாறிக்கொண்டு, தெரு முழுக்கச் சிரிக்கட்டும் என்று தன் மானத்தைத் தூக்கி மேசையில் வைக்கிறார். அவரைப் பொய்யர் என்று எழுதவும் அவளுக்குக் கை வரவில்லை, அவர் சொன்னதை மெய்யென்று எழுதவும் வரவில்லை. "வியாழக்கிழமை எல்லாரும் சேர்ந்து வாங்க. குடும்ப அமர்வு வைக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை நித்யகல்யாணியைப் பார்க்கப் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தலையில் துணி கட்டிக்கொண்டு, மடியில் கணினியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள் நித்யா. தாவர ஆராய்ச்சி மாணவி. கல்பாசியைப் பற்றித்தான் நாலு வருட ஆராய்ச்சி. பிரியாணியில் போடும் அதே கல்பாசிதான். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஃபோனை எடுத்துப் பேச வேண்டும்.

"வடிவக்கா, ஒரு கூத்து கேளுங்க. போன வருஷம் வந்த என் கட்டுரையை ஜப்பான்ல எடுத்துக் காட்டியிருக்காங்க. எப்படித் தெரியுமா? 'ஆவுடையப்பன் மற்றும் பலர்'னு. உலகத்துல எல்லாரும் எங்கப்பாதான் கல்பாசி ஆராய்ச்சி பண்றாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கருத்தரங்குக்குக்கூட அவரைத்தான் கூப்பிடறாங்க. எங்கப்பா அதையெல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணி வச்சிருக்காரு."

"நல்ல அப்பா."

"ரொம்ப நல்ல அப்பா," என்றாள் நித்யா. சிரிப்பு மெல்ல வடிந்தது. "அதான் கேக்கேன். அண்ணன்னு ஒருத்தரு வந்திருக்காராம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாம். பாதி உறவுக்கு முழுப் பொருத்தம் எங்கயாவது உண்டா? நானும் உயிரியல் படிச்சவதான்க்கா."

வடிவு ஃபோனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பொய் சொன்னால் இவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"அபூர்வமா அமையும்," என்றாள்.

"அபூர்வமா அமையும்," என்று நித்யாவும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "சரி. கல்பாசியும் அப்படித்தான். பூஞ்சை ஒண்ணு, பாசி ஒண்ணு, ரெண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. சேந்து குடித்தனம் பண்ணுதுங்க. நாமதான் ஒத்தைப் பேரு வச்சிருக்கோம். எங்க வழிகாட்டிகிட்டச் சொல்லுங்கக்கா, கடைசி அத்தியாயம் முடிக்காம நான் எங்கயும் போறதா இல்லன்னு."

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் ஃபோனை மாட்டியதும் கணினியை மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அமர்வு அமர்க்களமாக நடந்தது. சிவகாமி வரும்போதே மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். கணவர் உட்கார்ந்த பக்கம் திரும்பாமல் நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டுக்கொண்டாள்.

"கேளுங்கம்மா இந்த அநியாயத்தை! கல்யாணமாகி மூணு வருஷம்கூட ஆகல அப்ப. நான் இங்கன புள்ள வேணும்னு கோயில் கோயிலா விளக்குப் போடுதேன், இவரு அங்கன போய்க் குடும்பம் நடத்தியிருக்காரு! பாக்கத்தான் பசு மாதிரி இருக்காரு! இந்த மூஞ்சிக்கு ரெண்டு வீடு கேக்குதோ?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான்," என்றார்.

"தப்புத்தானாம்! மூணு வார்த்தை சேந்தாப்ல பேசத் தெரியாது, இதுல கள்ளத்தனம் வேற!"

பதிவேட்டுக்காக அமர்வைப் பதிவு செய்யும் கருவி மேசையில் பச்சை விளக்கோடு கேட்டுக்கொண்டிருந்தது. கொம்பையா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான். ஆவுடையப்பன் எழுந்து அவனிடம் போய், தோளில் கை வைத்து, "என்னை மன்னிச்சிரு தம்பி. உன்னைக் கவனிக்காம விட்டுட்டேன்," என்றார். சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கொம்பையா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா," என்றான்.

வடிவுக்கு அது பொறுக்கவில்லை. கருவியை நிறுத்திவிட்டு, எல்லாரையும் காப்பி குடித்துவிட்டு வரச் சொன்னாள். கொம்பையாவை மட்டும் வராந்தாவின் கோடிக்கு, மாடிப்படிக்குக் கீழே கூட்டிப் போனாள். ஒரு உயிர் போகக் கூடாது என்பது சரி. அதற்காக அப்பாவையே பார்க்காத ஒருவனுக்குப் பொய்யாக ஒரு அப்பாவைக் காட்டி, அவன் எலும்பில் ஊசி போடுவது எந்த ஊர் நியாயம்? யாரிடம் செல் எடுத்தாலும் முழு விவரம் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்னால் இவன் எழுந்து போய்விடலாம். போனால் நித்யா பிழைக்க மாட்டாள். சொல்லத்தான் வேண்டும்.

"கொம்பையா, நான் இப்ப சொல்றதுக்கு என் வேலையே போகும். ஆனாச் சொல்லாம இருக்க முடியல. அவரு உங்க அப்பா இல்ல. பேரு ஒத்துப் போனதுல மிஷின் தப்புப் பண்ணிருச்சு. பொண்ணைக் காப்பாத்த அவரு பொய் சொல்லுதாரு. உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா நீங்க ஊருக்குப் போகலாம். ஆரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

கொம்பையா அவளையே பார்த்தான். பிறகு, இந்தத் தடவை நிஜமாகவே மெதுவாகச் சொன்னான்.

"தெரியும் மேடம்."

"தெரியுமா? எப்படி?"

"ஆவுடையப்பன்னு எனக்கு ஒரு அப்பாவே கிடையாதே! அஞ்சு வயசுல ஸ்கூலுக்குச் சேக்கப் போனா, வாத்தியாரு அப்பா பேரு கேட்டிருக்காரு. எங்க அம்மைக்கு அந்தக் கேள்வியே ஆகாது. 'ஆரு கண்டா!'ன்னு ஒரு போடு போட்டிருக்கா. வாத்தியாருக்குக் காது மந்தமோ, இல்ல எரக்கமோ, 'ஆ'ன்னு மட்டும் எழுதிக்கிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு. ஆ. கொம்பையா. பத்தாங்கிளாஸ் வரைக்கும் அப்படியே ஓடுச்சு. அப்பறம் சர்ட்டிபிகேட்டுக்கு 'ஆ'வுக்கு விரிவு எழுதுன்னாங்க. அதுக்கு மொத நாளுதான் ஒரு கல்யாணத்துல போய்ச் சாப்பிட்டிருந்தேன். வாசல்ல பெரிய போர்டு, ஆவுடையப்பன் இல்லத் திருமண விழான்னு. சாப்பாடுன்னா சாப்பாடு, அப்படி ஒரு சாப்பாடு. சரி, நல்ல மனுஷனாத்தான் இருப்பாருன்னு அந்தப் பேரையே எழுதிட்டேன்."

வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"லெட்டர்ல 'உங்கள் தங்கை'ன்னு போட்டிருந்துச்சு மேடம். இத்தனை வயசுல எனக்கு அப்படி ஒரு லெட்டரு ஆரும் போட்டதில்ல. தப்பா வந்ததுன்னு தெரியும். திருப்பி அனுப்ப மனசு வரல." படிக்கட்டுக் கம்பியை விரலால் தட்டினான். "இப்ப அந்தப் பெரியவரு கையை வச்சு மன்னிச்சிருன்னாரு பாருங்க. பொய்தான். தெரிஞ்சும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க எழுதுங்க மேடம். எப்ப ஊசி?"

வடிவு அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டு, திரையின் முன் உட்கார்ந்தாள். பதினாலாவது கேள்வி கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. மரியபுஷ்பத்தை நினைத்தாள். அன்றைக்கு உண்மை பேசியவளைக் குடும்பப் பெயர்க் கட்டம் கொன்றது, இன்றைக்குப் பொய் சொல்பவர்களைக் காப்பாற்றப் போகிறது. இந்த வழக்கை மேலே அனுப்பினால் இயந்திரத்தின் மண்டையில் அடித்த மாதிரி அத்தாட்சி கிடைக்கும், கட்டத்தையே தூக்கச் சொல்லலாம். அதற்கு விலை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தது. 'இல்லை' என்பதைத் தொட்டாள்.

பதில் உடனே வந்தது. 'உறவு உறுதி செய்யப்பட்டது. குடும்பப் பெயர் வழியாக உறவு கண்டறியும் முறைக்கு இந்த நேர்வு முன்மாதிரியாகச் சேர்க்கப்படுகிறது. நன்றி, திரு. சண்முகவேல்.'

வடிவுக்குச் சுரீர் என்றது. இனி இந்தப் பொய்யைப் படித்துத்தான் அது மற்றவர்களுக்கு உறவு பார்க்கும். எத்தனை மரியபுஷ்பங்களோ! அன்றைக்கே உட்கார்ந்து நாலாவது புகாரை எழுதினாள். இந்த ஒரு குடும்பத்தை மட்டும் விட்டுவிட்டு, தன் மேசைக்கு வந்த அத்தனை பெயர்க் குளறுபடிகளையும், மொத்தம் முப்பத்தேழு, தேதியோடு அடுக்கினாள். மற்ற ஊர்களில் இருந்த ஆலோசகர்களையும் எழுத வைத்தாள். கட்டத்தைத் தூக்கும் வரைக்கும் மாதம் ஒன்று அனுப்புவது என்று தீர்மானித்துக்கொண்டாள். மனசு அதனால் முழுதாக ஆறிவிடவில்லை.

அடுத்த வாரமே செல் எடுத்தார்கள். ஆறு மாதம் ஓடியது.

சட்டப்படி செல் கொடுத்தவரும் வாங்கியவரும் ஐந்து வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்து அமர வேண்டும். தரகர் வைத்து ஜோடித்த உறவா, நிஜ உறவா என்று பதிவேடு அப்போது மறுபடியும் ஒட்டுக்கேட்கும். முதல் அமர்வுக்கு நித்யா தன் காலால் நடந்து வந்தாள். தலையில் குட்டையாக முடி முளைத்திருந்தது, மடியில் ஆராய்ச்சி ஏடு கனமாக இருந்தது. கொம்பையா "அண்ணன் வந்துட்டேன்!" என்று வாசலிலேயே அறிவித்தான். "உன் கட்டுரையில என் பேரைப் போட்டியா?" என்று கேட்டான்.

"போட்டாச்சு அண்ணே. ஆவுடையப்பன் மற்றும் ஆவுடையப்பன்."

ஆவுடையப்பன் புது மகனின் தட்டில் தன் வடையை எடுத்து வைத்தார். சிவகாமி மட்டும் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொன்னாள். கணவரோடு ஒரு வார்த்தை இல்லை. அவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார், வாங்கவில்லை. வடிவுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாரும் வெளியே போனதும், வடிவு கருவியை நிறுத்திவிட்டு, சிவகாமியை மட்டும் கூப்பிட்டு நிறுத்தினாள். வாய் தவறிச் சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் நெஞ்சு பொறுக்காது.

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு. அவரை மன்னிக்கக் கூடாதா? அவரு..."

சிவகாமி வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். மேசையில் இருந்த கருவியைக் காட்டி, "இது அணைஞ்சிருச்சா?" என்றாள்.

"அணைஞ்சிருச்சு."

"மன்னிக்கிறதுக்கு அவரு என்னம்மா செஞ்சாரு? அந்தப் பையன் அவ வயித்துல உண்டான சமயத்துல இவருக்குக் கால் ஒடிஞ்சு எட்டு மாசம் கட்டில்ல கிடந்தாரு. பாத்ரூமுக்கே நான் தோள் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போனேன். இவரு கடையத்துக்கு எங்கன போனாரு?"

"அப்ப... மொதல்லயே தெரியுமா?"

"லெட்டர் வந்த அன்னிக்கு ஒரு மணி நேரம் நெசமாத்தான் கத்துனேன். அப்பறம் யோசிச்சா வருஷம் இடிக்கு. நான் சிரிச்சுக்கிட்டு இல்லேன்னுட்டா எம்புள்ளைக்கு ஆரு குடுப்பா? அதான் கோவத்தை அப்படியே வச்சுக்கிட்டேன். பொண்டாட்டி சண்டை போடாத கள்ளக் குடும்பத்தை உங்க மிஷின் நம்புமா?"

"வீட்டுலயாவது அவருகிட்டச் சொல்லிரலாமே அம்மா. ஆறு மாசமா..."

"நல்லாச் சொன்னீங்க! வீட்டுல நான் சிரிச்சா இங்கன வந்து அவரு மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அவருக்கு நடிக்க வராது." சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ராத்திரி தூங்கினப்பறம் போர்வையை இழுத்து விட்டுட்டு வருவேன். அவ்வளவுதான் முடியுது. பாவம் மனுஷன், முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரே ஒரு பொய் சொல்லியிருக்காரு. அதை நான் கெடுக்கலாமா? இன்னும் எத்தனை தடவைம்மா வரணும்?"

"ஒன்பது தடவை."

"ஒன்பதா!" சிவகாமி ஒரு பெருமூச்சு விட்டாள். தலைப்பை இழுத்துச் செருகி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் அவளுடைய பையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, வீட்டுக்கு வாரீகளா, இல்ல கடையத்துக்கு பஸ் ஏறுறீகளா?" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் சிவகாமி முன்னால் நடந்தாள்.